கேட்டேன் என்று சொல்வது

நம் இலக்கணக்காரர்கள் குழூஉக்குறிக்குத் தரும் உதாரணங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்தே நமக்குப் பழக்கமானவை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். கடைசிச் சொல்லில் கொஞ்சம் நகைச்சுவையும் இருக்கிறது. உள்ளே போனதும் வாயைத் திறக்கவைக்கும் சரக்குக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சுவர் இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் பேசுவது வெளியே நிற்கிறவனுக்கு எட்டக்கூடாது என்ற ஏற்பாடு. 'பறி' என்ற சொல் யாருடைய காதுக்குப் பயந்து உண்டாயிற்று என்று யோசித்தால், பொன்னைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பவனின் முகம் தெரிகிறது. குழூஉக்குறி என்றாலே அதன் பின்னால் ஒரு சிறு சூது இருந்தாகவேண்டும் என்ற எண்ணம் நமக்கு இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

இந்த எண்ணத்துக்குள் அடங்காத குழூஉக்குறி ஒன்று உண்டு. ஹாம்கள் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுடையது. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டின் ஒரு மூலையில் கருவியையும் மொட்டைமாடியில் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு வானலையில் தொடர்பு கொள்கிறவர்கள். இதற்குக் காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. இவர்கள் பேச்சை முதல்முறை கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. 'கியூ.ஆர்.எம். பலம், கியூ.எஸ்.பி. வேறு, ஆர்.எஸ்.டி. 449, கியூ.டி.எச். ஹெல்சிங்கி, 73 ஓ.எம்.' ஒற்றர்களின் பரிபாஷைபோலத் தோன்றும். சொல்லப்படுவதோ இவ்வளவுதான்: பக்கத்து நிலையங்களின் இடையூறு பலமாக இருக்கிறது, அலை வேறு மங்கி மங்கி வருகிறது, உன்னை இன்ன அளவில் கேட்கிறேன், நான் இருப்பது ஹெல்சிங்கி, வணக்கம் நண்பா. இதில் மறைக்க எதுவும் இல்லை. மறைக்கவும் கூடாது. ஒரு நாட்டு ஹாம் இன்னொரு நாட்டு ஹாமுக்கு அனுப்புவது பொருளை மறைக்கும் நோக்கத்தோடு சங்கேதமாக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளில் எழுதப்பட்டிருக்கிற விதி. குறிகளின் பட்டியல் எல்லாக் கையேட்டிலும் அச்சாகிறது. சுவரே இல்லாத குழூஉக்குறி. அப்படியானால் இது எதற்கு?

சிக்கனத்துக்கு என்பது எளிய பதில். மோர்ஸ் தந்தியில் ஒவ்வொரு எழுத்தும் மணிக்கட்டின் உழைப்பு. 'கியூ' என்று தொடங்கும் மூவெழுத்துக் குறிகளை ஹாம்கள் உண்டாக்கவில்லை. கப்பல்களும் கரை நிலையங்களும் பேசிக்கொள்வதற்காக 1909 வாக்கில் பிரிட்டிஷ் அரசு தயாரித்தது. 1912-இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்டது. நார்வேக்காரனும் போர்ச்சுகீசியனும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமலே புயலில் பேசிக்கொள்ளலாம். 73 இன்னும் பழையது. அமெரிக்கத் தந்திக் கம்பெனிக்காரர்கள் 1850-களிலேயே எண்களால் வாழ்த்துச் சொல்லப் பழகியிருந்தார்கள். 'ஹாம்' என்ற பெயரே தொழில்முறைத் தந்திக்காரர்கள் கை திருந்தாதவனைத் திட்டிய வார்த்தை. திட்டு வாங்கினவர்கள் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். இரவல் வாங்கிய சொற்களும் வாங்கிக்கட்டிக்கொண்ட வசவும் சேர்ந்ததுதான் இந்த மொழி.

ஆனால் சிக்கனம் முழுப் பதில் ஆகாது. கப்பல்காரர்களின் பட்டியலில் திசை, தூரம், துறைமுகம், கட்டணம் எல்லாம் உண்டு. அதிலிருந்து ஹாம்கள் தமக்கென்று எடுத்துப் புழங்குகிறவை எவை என்று பார்த்தால் விஷயம் புலப்படும். மனிதர்கள் உண்டாக்கும் இடையூறு, வானத்தின் இரைச்சல், அலை மங்குவது, சக்தியைக் கூட்டு, சக்தியைக் குறை, கொஞ்சம் பொறு, இந்த இடம் காலியா, என்னைக் கூப்பிட்டது யார், கிடைத்தது. அத்தனையும் கேட்பதைப் பற்றியே. பேச்சு தன் பொருளையெல்லாம் உதறிவிட்டு, பேச முடிகிறதா என்பதை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறது. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் அந்நாட்டு ஹாம்களோடு மேற்கத்தியர்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் இதுதான்: உன்னை இப்படிக் கேட்கிறேன், என் பெயர் இது, ஊர் இது, வெயிலடிக்கிறது, அட்டை அனுப்பவேண்டிய விலாசம் மாஸ்கோ, தபால் பெட்டி 88. ரப்பர் ஸ்டாம்ப் பேச்சு என்று ஹாம்களே இதைக் கேலி செய்வார்கள். கேலி நியாயம்தான். ஆனாலும் அணுகுண்டுகளை எதிரெதிரே நிறுத்திவைத்திருந்த இரண்டு நாட்டுக் குடிமக்கள் யாருடைய தூதும் இல்லாமல் பரஸ்பரம் சொல்லிக்கொண்டது 'நீ எனக்குக் கேட்கிறாய்' என்ற ஒன்றுதான் என்றால், அது எவ்வளவு குறைவு, எவ்வளவு அதிகம் என்று என்னால் உடனே சொல்லிவிட முடியவில்லை. (88 என்பது தந்திக்காரர் பாஷையில் அன்பும் முத்தமும். மாஸ்கோ தபால் இலாகாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.)

இந்தக் குறிகளில் இன்னொரு விசேஷம். ஒரே குறி கேள்வியாகவும் பதிலாகவும் நிற்கும். கேள்விக்குறியோடு கியூ.எஸ்.எல். என்றால் 'கிடைத்ததா?' அது இல்லாமல் சொன்னால் 'கிடைத்தது.' தமிழனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நமக்கு வினவுவதும் செவியில் வாங்குவதும் ஒரே வினை: கேள். உறவுக்கும் அதே சொல்தான். 'கேட்டேன்' என்று ஒருவன் சொன்னால் அவன் வினவினானா, செவிமடுத்தானா என்பது இடத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆக, இந்த மொழியில் சாரமாக ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. அந்த வாக்கியத்தை உண்மையாகச் சொல்வது எப்படி என்பதுதான் பிரச்சினை.

1934-இல் அமெரிக்க ஹாம் ஒருவர் ஆர்.எஸ்.டி. என்ற அளவையை வகுத்தார். மூன்று இலக்கம். முதலாவது, எவ்வளவு புரிகிறது என்பது. 1 முதல் 5 வரை. 1 என்றால் ஒன்றுமே பிடிபடவில்லை. 2 என்றால் எப்போதாவது ஒரு சொல். 5 என்றால் முழுக்கத் தெளிவு. இரண்டாவது, எவ்வளவு பலமாக வருகிறது என்பது. 1 முதல் 9. மூன்றாவது, மோர்ஸுக்கு மட்டும், தொனியின் சுத்தம். அதுவும் 1 முதல் 9. அந்தக் காலத்துக் கருவிகள் பெரும்பாலும் வீட்டில் கட்டியவை. மின்சாரத்தைச் சரியாக வடிகட்டாவிட்டால் புள்ளியும் கோடும் தூய ஸ்வரமாக இல்லாமல் கரகரவென்று ரம்பம் அறுக்கிற மாதிரிப் போகும். அதை அனுப்புகிறவன் அறியமாட்டான். இங்கேதான் இந்த எண்ணின் தார்மிகம் இருக்கிறது. அவன் தன் வீட்டிலிருந்தபடியே எத்தனை வாட் சக்தி, எத்தனை அடி கம்பி என்று எல்லாவற்றையும் அளந்துவிடலாம். தன் சப்தம் வானத்தில் பட்டுத் திரும்பி ஒரு அந்நிய ஊரில் எப்படி விழுகிறது என்பதை மட்டும் அவனால் அளக்க முடியாது. தன்னைப் பற்றிய அந்த ஒரு செய்திக்கு அவன் முற்றிலும் இன்னொருவனுடைய காதையே நம்பியிருக்கிறான். தொனி 5 என்று ஒரு அந்நியன் சொன்னால், அன்றிரவு பெட்டியைத் திறந்து பழுது பார்க்கவேண்டும். அந்த அந்நியனுக்கு இதனால் லாபம் ஒன்றும் இல்லை. அவன் செய்யக்கூடிய உபகாரமே குறைவான எண்ணைக் குறைவாகச் சொல்வதுதான்.

பிறகு போட்டிகள் வந்தன. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உலகத்தின் எத்தனை நிலையங்களைத் தொடர்புகொள்ள முடியும் என்ற ரகம். விதிப்படி ஒவ்வொரு தொடர்பிலும் இந்த எண்ணைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அளந்து சொல்ல அவகாசம் ஏது? எல்லோரும் எல்லோருக்கும் 599 என்றார்கள். அதையும் முழுசாகச் சொல்ல மனம் வரவில்லை. மோர்ஸில் 9 என்பது நான்கு கோடும் ஒரு புள்ளியும். புள்ளியை ஓர் அலகு, கோட்டை மூன்று அலகு, இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் 17 அலகு நேரம். 'என்' என்ற எழுத்து ஒரு கோடும் ஒரு புள்ளியும், 5 அலகு. ஆகவே 599 என்பது '5என்என்' ஆயிற்று. இப்போது போட்டிக் குறிப்பேடு எழுதும் கம்ப்யூட்டர் நிரல்கள் அந்தக் கட்டத்தைத் தாமே 599 என்று நிரப்பிக் கொடுக்கின்றன. ஹாம்களிடையே பழைய நகைச்சுவை ஒன்று உண்டு: 'நீங்கள் 599, முழுத் தெளிவு, தயவுசெய்து உங்கள் அழைப்புக்குறியை மறுபடியும் மறுபடியும் சொல்லுங்கள், ஒன்றும் புரியவில்லை.' நகைச்சுவையாக மட்டும் இல்லை; எந்த வாரக்கடைசியிலும் காதாரக் கேட்கலாம்.

இது பொய்யா? பொய் என்பதற்கு ஏமாறுகிறவன் ஒருவன் வேண்டும். இங்கே யாரும் ஏமாறவில்லை. 599 என்று சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். நம் பெரியவர்கள் கடிதத்தின் தலையில் 'நலம், நலமறிய அவா' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மூன்று மாதமாகப் படுத்த படுக்கையாக இருப்பதை விவரிப்பார்கள். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. சம்பிரதாயம் மனிதர்களுக்கிடையே வழவழப்பு எண்ணெய் மாதிரி. அதில் உண்மை பொய் பார்ப்பது சின்னத்தனம். இப்படி ஒரு வாதம். கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் 'நலம்' என்பதற்கும் 599-க்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடிதத்தில் சம்பிரதாயத்துக்கு ஒரு இடம், சமாசாரத்துக்கு வேறு இடம். 'நலம்' என்று எழுதியதால் படுக்கையைப் பற்றி எழுத இடம் இல்லாமல் போகவில்லை. 599 உட்கார்ந்திருப்பதோ அளவைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரே நாற்காலியில். அது வந்து உட்கார்ந்தபின் உண்மைக்கு எழுந்து நிற்கவும் இடம் இல்லை. ஏமாறுகிறவன் யாரும் இல்லை என்பது சரி. ஆனால் உண்மையாகவே முழுத் தெளிவோடு, முழு பலத்தோடு வருகிறவனுக்குச் சொல்ல இப்போது என்ன இருக்கிறது? 'நிஜமான 599' என்று சொல்கிறார்கள். ஒரு சொல்லுக்கு முன்னால் 'நிஜமான' என்று போட வேண்டிய நிலை வந்துவிட்டதென்றால் அந்தச் சொல் செத்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று பொருள். நம் பத்திரிகைகளின் மதிப்புரைப் பக்கங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எல்லா நாவலும் மைல்கல்லாக இருக்கிற தேசத்தில், தூரம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஆக, 599-இன் குற்றம் எதிராளியை ஏமாற்றுவதில் இல்லை. கேட்டும் கேட்காதவனாக இருக்கக் கேட்கிறவனைப் பழக்குகிறது, அதுதான். எண்ணைச் சொல்லக் காது தேவைப்படாதபோது, காது மெல்ல மெல்ல ஓய்வு எடுத்துக்கொள்கிறது.

ஆனால் எல்லாம் இப்படிப் போய்விடவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் அப்புறம் இரண்டு தரப்புக் குறிப்பேடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எதிராளியின் அழைப்புக்குறியில் ஒரு எழுத்தைத் தப்பாகக் குறித்திருந்தாலும் அந்தத் தொடர்பு செல்லாது, மதிப்பெண் போகும். 599-ஐ ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை. எந்த எண் நிஜம், எந்த எண் உபசாரம் என்பது அந்த ஏற்பாட்டுக்கே தெரிந்திருக்கிறது. அதாவது 'நீ நன்றாக இருக்கிறாய்' என்பது மலிந்துவிட்டது. 'நீ இன்னார், உன்னை வாங்கிக்கொண்டேன்' என்பது மலியவில்லை.

இந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் தெரிய வேண்டுமானால் 2004 டிசம்பரைப் பார்க்க வேண்டும். அந்தமான் தீவுகளிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்புக்குப் பல வருஷங்களாக அனுமதி இருக்கவில்லை. அதனாலேயே உலகம் முழுக்க ஹாம்கள் அந்தத் தீவுகளோடு ஒருமுறை பேசிவிடத் தவித்துக்கொண்டிருந்தார்கள். பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் அனுமதி பெற்று, ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய், வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் நிலையம் திறந்தார். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கூப்பிடுவார்கள். ஒருவருக்கு சில விநாடி. 59, நன்றி, அடுத்தவர். (பேச்சில் தொனி எண் கிடையாது, இரண்டு இலக்கம்தான்.) டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடியது, கடல் வந்தது. அந்த நிலையம் அதோடு வேறொன்றாகிவிட்டது. அதே கருவி, அதே குரல். உயிரோடு இருக்கிறவர்களின் செய்தி மெயின்லாண்டுக்கும், மெயின்லாண்டில் தவித்தவர்களின் விசாரிப்பு தீவுகளுக்கும் போயிற்று. இப்படிப்பட்ட வேளையில் 59 என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி 'கியூ.எஸ்.எல்.?' என்று கேட்டால், 'கியூ.எஸ்.எல்.' என்று பதில் சொல்கிறவன் அந்தப் பெயரைச் சரியாக வாங்கியிருந்தால்தான் சொல்லலாம். வாங்காமல் உபசாரத்துக்குச் சொன்னால், ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிறவனுக்காக அழுவார்கள். இன்னொரு வீட்டில் இறந்தவனுக்காகக் காத்திருப்பார்கள். மரியாதை என்பது அங்கே 'புரியவில்லை, திரும்பச் சொல்' என்பதுதான்.

கியூ.எஸ்.எல். என்ற இதே குறிதான் ஹாம்கள் பரிமாறிக்கொள்ளும் அட்டைக்கும் பெயர். தபால் கார்டு அளவில் அழைப்புக்குறி, தேதி, நேரம், அலைவரிசை எழுதி, நம்முடைய தொடர்பு நடந்தது என்று ஊர்ஜிதம் செய்வது. சங்கங்களின் வழியாகக் கட்டுக்கட்டாகப் போய்ச் சேர மாதங்கள் ஆகும், வருஷங்களும் ஆகும். இதில் என்னை அதிகம் கவர்ந்தவர்கள் வெறும் கேட்பாளர்கள். ஒலிபரப்ப லைசென்ஸோ கருவியோ இல்லாதவர்கள். இரவெல்லாம் ரிஸீவரோடு உட்கார்ந்து, இரண்டு அந்நியர்களின் பேச்சைக் கேட்டு, 'இன்ன தேதி இன்ன நேரத்தில் உங்களைக் கேட்டேன்' என்று அட்டை அனுப்புகிறவர்கள். பேசினவனுக்கு அப்படி ஒருவன் இருந்தது தெரியவே தெரியாது.

கேட்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 1939-இல் யுத்தம் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு ஹாம்களின் ஒலிபரப்புக் கருவிகளைப் பறிமுதல் செய்தது. பிறகு அவர்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து, வீட்டிலிருந்தபடியே ஜெர்மன் உளவுத்துறையின் மோர்ஸைக் கேட்டு எழுதச் சொன்னது. எழுதியதை அவர்கள் பார்னெட், தபால் பெட்டி 25 என்ற விலாசத்துக்கு அனுப்பினார்கள். எழுதியது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, எல்லாம் சங்கேதம். ஆனால் அனுப்புகிறவனைத் தெரியும். மோர்ஸ் சாவியைத் தட்டும் விதத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நடை உண்டு. கோட்டைக் கொஞ்சம் இழுப்பான், ஒரு எழுத்துக்கு முன்னால் தயங்குவான், குறிப்பிட்ட ஒரு எழுத்தைத் துள்ளவிடுவான். தந்திக்காரர்கள் அதை 'முஷ்டி' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். நாம் கைவாகு என்று சொல்லலாம். எதிரி நிலையம் அலைவரிசையையும் அழைப்புக்குறியையும் மாற்றிக்கொண்டு ஒளிந்தாலும், கைவாகு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சொல்கூடப் புரியாமல், எதிரி ஒருவனை அவன் தயக்கத்தால் அடையாளம் கண்டுகொள்கிறது ஒரு காது. இதை நட்பு என்று சொல்ல முடியாது. அவன் சாவதற்கும் இது வழி செய்திருக்கும். ஆனால் அவனை அவ்வளவு நெருக்கமாகக் கேட்டவர்கள் அவன் சொந்தத் தேசத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இனி 2017. அந்த வருஷம் எஃப்.டி.8 என்ற முறை வந்தது. உண்டாக்கியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், இரட்டைப் பல்ஸாரைக் கண்டுபிடித்ததற்காக 1993-இல் பௌதிக நோபல் பரிசில் பங்கு பெற்றவர், சிறுவயதிலிருந்தே ஹாம். வானத்தின் மிக மெல்லிய துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த மூளை இந்த வேலையையும் செய்தது. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை. ஒரு முறைக்கு 77 பிட் செய்தி. நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை. அனுப்புவதும் வாங்குவதும் கம்ப்யூட்டர். மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாக மட்டுமே இருக்கிற இடத்திலிருந்து இது செய்தியை வடித்துவிடும். அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், சமிக்ஞை அளவு, வாங்கிக்கொண்டேன், 73. முடிந்தது. சுட்டியை ஒரு முறை அழுத்திவிட்டால் மீதி வரிசை தானாக ஓடி முடியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சமிக்ஞை அளவு மறுபடியும் உண்மையாகிவிட்டது. யந்திரம் அளந்து, மைனஸ் 18 டெசிபல் என்றால் மைனஸ் 18 என்றே சொல்கிறது. முகஸ்துதி அதற்குத் தெரியாது. அரை நூற்றாண்டு ஹாம்கள் இழந்திருந்த நேர்மையை யந்திரம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே மூச்சில் 73-ஐயும் யந்திரமே சொல்கிறது. 'வாங்கிக்கொண்டேன்' என்பதையும் 73-ஐயும் ஒன்றாக்கி 'ஆர்ஆர்73' என்று அனுப்புகிற வழக்கமும் அதில் உண்டு. அந்த நான்கு எழுத்தெண்கள் இருப்பிடக் கட்டங்களின் கணக்கில் ஓர் இடத்தையும் குறிக்கும். வரைபடத்தில் தேடினால் வட துருவத்தை ஒட்டி, 83 டிகிரிக்கு மேலே, ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். அங்கிருந்து யாரும் கூப்பிடப்போவதில்லை என்பதால் குழப்பம் வராது. மனிதர் எவரும் குடியிருக்காத ஓர் இடத்தின் விலாசத்தில் வாழ்த்துக் கூறிக்கொள்கிறார்கள் என்று இதை வைத்து ஒருவன் கவிதை எழுதிவிடலாம். சுலபமான கவிதை, எழுதாமலிருப்பது நல்லது.

ஏனென்றால் பழையதற்காக ஏங்குவது இங்கே நியாயமாகாது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஒரு துண்டுக் கம்பி கட்டி, ஐந்து வாட் சக்தியோடு ஒருவன் கடல் கடந்து சேர முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. காது மந்தமானவர்கள், கைநடுக்கம் வந்தவர்கள் வானலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அலைவரிசையில் கால்வைக்க இடம் பிடிக்கப் பெரிய கோபுரமும் பெரிய பணமும் வேண்டியிருந்த உலகத்தில் இது ஒருவிதமான நீதி. என் கேள்வி வேறு. அந்த மைனஸ் 18-ஐச் சொல்வது யார்? தமிழில் 'கேட்டேன்' என்பதற்குள் 'நான்' இருக்கிறது. விகுதியைப் பிரித்தெடுத்தால் சொல் நிற்காது. 'கேட்டது' என்பது வேறு. எஃப்.டி.8-இல் கேட்டது. யாருக்கு என்ற இடம் காலி. 599-இல் 'நான்' இருந்தது, உண்மை இல்லை. மைனஸ் 18-இல் உண்மை இருக்கிறது, 'நான்' இல்லை. இரண்டில் எது தேவலை என்று கேட்டால், பொய்யனையாவது திருத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது தர்க்கம் ஆகாது என்பதும் தெரியும்.

ஹாம்கள் எல்லா ஆணையும் 'ஓ.எம்.' என்பார்கள். கிழவன் என்று பொருள். பதினாறு வயசுப் பையனும் ஓ.எம்.தான். ஜோர்டான் மன்னர் ஹுசேன் ஜே.ஒய்.1 என்ற அழைப்புக்குறியோடு வானலைக்கு வந்தபோது தன் பெயர் ஹுசேன் என்பதோடு நிறுத்திக்கொள்வார். பெண்கள் எல்லோரும் 'ஒய்.எல்.', இளம்பெண், எண்பது வயசுப் பாட்டியும்கூட. மனைவிக்குக் குறி, முன்னாள் இளம்பெண். ஆண்கள் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை என்பது இதிலேயே தெரியும். அமெரிக்கப் பெண் ஹாம்கள் 1939-இல் தமக்கென்று ஒரு சங்கம் வைத்து, தங்களுக்குள் சொல்லிக்கொள்ள 33 என்று ஒரு தனி வாழ்த்தையும் வைத்துக்கொண்டார்கள். அந்த 33 ஒன்றுதான் இந்த மொழியில் வேலி போட்ட இடம் என்று நினைக்கிறேன். போட்டது சரிதான்.

இறந்தவர்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது. இறந்த ஹாமைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ எஸ்.கே. என்று குறிப்பார்கள். மௌனமான சாவி. மோர்ஸில் அந்த இரண்டெழுத்தை இடைவெளி விடாமல் சேர்த்தடித்தால், மூன்று புள்ளி, கோடு, புள்ளி, கோடு. பேச்சு முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. நம் இலக்கணத்தில் குழூஉக்குறிக்குப் பக்கத்திலேயே மங்கலம் என்று ஒரு வகை உண்டு; செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்வது. எஸ்.கே. குழூஉக்குறியாகவும் மங்கலமாகவும் ஒரே சமயத்தில் நிற்கிறது. துஞ்சினார் என்பது விழித்துக்கொள்ளலாம் என்ற ஒரு பொய்யான ஆறுதலைத் தருகிறது. மௌனமான சாவி அந்த ஆறுதலைத் தருவதில்லை. கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. முகம் பார்க்காத, குரல்கூடக் கேட்டிராத ஒருவனைப் பற்றிச் சொல்லத் தங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இறந்தவரின் அழைப்புக்குறி இரண்டு வருஷம் கழித்து வேறொருவருக்குப் போகலாம். ஒரு நாள் இரவு பழகிய அழைப்புக்குறி ஒலிக்கும். கைவாகு வேறாக இருக்கும்.

மோர்ஸ் பேச்சு முடிகிற விதத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. 73 சொல்லியாயிற்று, முடிவுக் குறியும் அடித்தாயிற்று, அழைப்புக்குறியும் கொடுத்தாயிற்று. விதிகள் கேட்கிற எல்லாம் முடிந்தபின் ஒருவன் தனித்தனியாக இரண்டு புள்ளி தட்டுவான். மற்றவன் பதிலுக்கு இரண்டு தட்டுவான். சிலபேர் விடமாட்டார்கள், இன்னும் ஒரு புள்ளி தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். எதிரிலிருந்து ஒன்று வரும். இதற்கு அர்த்தம் எந்தக் கையேட்டிலும் போடவில்லை. குறிப்பேட்டில் யாரும் எழுதுவதில்லை. எவ்வளவு பலமாக வந்தது என்று யாரும் அளப்பதுமில்லை.